இரும்பு வேண்டாம், ஈயத்தாள் வேண்டாம்

அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி இருந்தார். நூல் மில் அவருடையது, தோட்டமும் அவருடையது. வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார், வெளியே தமிழ் பேசுவார், கோபம் வந்தால் இரண்டும் பேசுவார். அவர் வீட்டம்மா இருந்தார். கழுத்தில் இருக்க வேண்டிய ஐந்து பவுன் சங்கிலி இல்லை. மருமகன் இருந்தார். அமெரிக்காவில் வேலை, மகனின் காதுகுத்துக்கு லீவில் வந்தவர். ஊர்க் கோயில் பூசாரி இருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. கட்டுத்தரையில் மாடு பார்க்கிற அம்மா இருந்தார். அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். கடைசியாக நான். என் கையில் மிஷின்.

மண்ணுக்குள் கிடக்கிற உலோகத்தைக் கண்டுபிடிக்கும் மிஷின். பிற்பாடு கோயமுத்தூரில் கடை வாசலுக்குக் கடை வாசல் அதன் குட்டி ஒன்றை வைத்து ஆளைத் தடவினார்கள். நான் சொல்வது அதற்கு இரண்டு மூன்று வருசம் முந்தி. அப்போது எங்கள் பக்கம் அது ஒன்றுதான் இருந்தது. மருமகன் போன லீவில் கொண்டு வந்து மாமனாருக்குக் கொடுத்தது.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். வெள்ளகோவில் போகும் ரோட்டோரம் பத்துக்குப் பத்தில் கடை. ஆறாவதோடு படிப்பு நின்றது. மில்லில் எழுபது மோட்டார். எரிந்தால் என்னிடம்தான் வரும். மிஷின் வந்த வாரத்தில் முதலாளி ஆள் அனுப்பினார். போனேன்.

"ஏப்பா, இதுக்குள்ளயும் காயில்தானாமா. நிக்காமக் கத்துது. என்னன்னு பாரு."

பார்த்தேன். நீளக் குழாய். அடியில் தட்டு. தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள். மேலே ஒரு பெட்டி, இரண்டு திருகு, காதில் மாட்டிக்கொள்ள ஒரு வளையம். முதல் திருகு, எவ்வளவு கூர்மையாகக் கேட்க வேண்டும் என்பதற்கு. இரண்டாவது, எதையெல்லாம் கேட்க வேண்டாம் என்பதற்கு. அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் படம் போட்டிருந்தது. ஆணி. ஈயத்தாள். மூடி. காசு. திருகைத் தள்ளத் தள்ள அந்தந்தச் சாமானை மிஷின் கண்டுகொள்ளாது. மருமகன் அதற்கு ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னார். என் வாயில் நுழையவில்லை. நான் வேண்டாம்-திருகு என்று வைத்துக்கொண்டேன்.

மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. காரை நிறுத்துகிற ஷெட்டுக்குள் வைத்து ஓட்டியிருந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே அது கத்தாமல் என்ன செய்யும். உழவுக் காட்டுக்குள் கொண்டு போனேன், அடங்கியது. அன்றிலிருந்து மிஷின் என் கையில் கிடந்தது. சாயங்காலம் கடை சாத்தினால் தோட்டத்துக்கு வரவேண்டும். முதலாளிக்குப் புதையல் வேண்டும்.

அந்த ஆசையில் தப்பு சொல்ல முடியாது. எங்கள் பக்கம் மழை பெய்து ஓய்ந்தால் உழவுக் காட்டில் பழங்காசு மேலே வரும் என்பார்கள். கரூர்ப் பக்கம் ஒருத்தருக்குப் பானையே கிடைத்ததாம், மாடி வீடு கட்டிவிட்டாராம். அவர் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அவர் வீட்டில் என்ன நிறத்தில் டைல்ஸ் என்று எல்லாருக்கும் தெரியும்.

நான் தட்டை ஆட்டிக்கொண்டு நடப்பேன். முதலாளி குடையோடு பின்னால் வருவார். அவருக்குப் பின்னால் கடப்பாரையோடு ஒரு ஆள். முதல் நாள் பதினொரு இடத்தில் சத்தம் வந்தது. பதினொன்றும் லாடம். மாட்டுக் குளம்பில் அடிக்கிற இரும்புத் துண்டு. அந்தக் காட்டின் வழியாகத்தான் முந்தி வண்டித்தடம் போனது. எத்தனை ஆயிரம் மாடு போனதோ, அத்தனையும் ஆளுக்கொரு லாடம் போட்டுவிட்டுப் போயிருந்தது.

ஒரு வாரம் லாடம் எடுத்தோம். முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கு இரும்பு வேண்டாம்ப்பா."

திருகை ஆணிப் படம் தாண்டித் தள்ளினேன். லாடம் நின்றது. அடுத்து ஈயத்தாள் வந்தது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற தாள், மாத்திரை அட்டை. களை வெட்டுகிறவர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள், எல்லாரும் நாலு தலைவலி மாத்திரை போட்டுவிட்டுத்தான் அந்தக் காட்டில் வேலை செய்திருக்கிறார்கள் என்று அப்போது தெரிந்தது.

"குப்பையெல்லாம் எனக்கெதுக்கு. அதையும் வேண்டாம்னு வை."

வைத்தேன். சோடா மூடி வந்தது. அதையும் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு பத்து நாள் ஒரு சத்தமும் இல்லை. முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பத்தான் மிஷினு மரியாத தெரிஞ்சு நடக்குது," என்றார். "யாரும் இதைத் திருப்பக் கூடாது. ஒட்டிப்போடு."

காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் கடையில் இருந்தது. திருகின் மேல் நாலு சொட்டு விட்டேன். காய்ந்ததும் கல் மாதிரி ஆகிவிட்டது. அது நான் செய்த வேலை. அதை மறைத்து ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஒட்டுவதற்கு முந்தின நாள் ஒரு சோதனை செய்து பார்த்திருந்தேன். கடை பெஞ்சில் ஒரு துண்டு ஈயத்தாள் வைத்தேன். பக்கத்தில் என் சம்சாரத்தின் மூக்குத்தியை வைத்தேன். தட்டை ஆட்டினேன். இரண்டுக்கும் ஒரே சத்தம். திருகை ஈயத்தாள் தாண்டித் தள்ளினால் இரண்டுக்கும் சத்தம் இல்லை.

"மூக்குத்தியக் கழட்டி வெச்சுக்கிட்டு எங்கடா காணோம்னு தேடற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்," என்றாள் சம்சாரம்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "சின்னத் தங்கமும் ஈயத்தாளும் இதுக்கு ஒண்ணுதானுங்க. அதைத் தள்ளுனா இதும் சேர்ந்து போகுதுங்க."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "தங்கத்துக்கும் சிகரெட் தாளுக்கும் வித்தியாசம் தெரியாத மிஷினை அமெரிக்காக்காரன் செய்வானா? நீ எத்தனாவது படிச்ச?"

"ஆறாவதுங்க."

"அப்ப ஒட்டு."

ஒட்டினேன்.

இன்னொரு விசயமும் எனக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்லவில்லை. மிஷினைக் காதில் மாட்டினால் ஒரு மெல்லிய ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும், தூரத்தில் ஓடுகிற மோட்டார் மாதிரி. நல்ல சாமான் வந்தால் அது எழும்பும். வேண்டாம் என்று தள்ளின சாமான் வந்தால் பேசாமல் இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பேசாமல் இருக்காது. அந்த ரீங்காரம் ஒரு நொடி அறுந்துபோகும். யாரோ வாயைப் பொத்துகிற மாதிரி. அந்த அறுப்பு வெளியே நிற்கிறவர்களுக்குக் கேட்காது. காதில் மாட்டினவனுக்கு மட்டும்தான். நான் மோட்டாரைக் கழற்றும் முன் திருப்புளியின் முனையைப் பேரிங்கில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பேன். பேரிங் போனதா, மணல் விழுந்ததா, எண்ணெய் காய்ந்ததா, அதிலேயே தெரிந்துவிடும். அந்தக் காதுக்கு இந்த அறுப்பு தப்பாது.

இனி சங்கிலிக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் பேரனுக்குக் காதுகுத்து. கெடா வெட்டு. நானூறு ஒறம்பரை. சொந்தக்காரன், மில்லுக்குப் பஞ்சு விற்கிறவன், பேங்க் மேனேஜர், எல்லாரும் வந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் ஆளுக்கொரு பீடா, ஈயத்தாள் சுற்றியது. எச்சில் இலையெல்லாம் கிணற்றுக்குப் பின்னால் வெட்டின குழிக்குப் போனது. பீடாத் தாளும் அங்கேதான் போனது. பொழுது சாய ஒறம்பரை கிளம்பினதும் வீட்டம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார். சங்கிலி இல்லை.

அவர் யோசித்தார். பந்தியில் உட்கார்ந்தபோது இருந்தது. பேரன் சேலையில் வாந்தி எடுத்தபோது கட்டுத்தரை அம்மாதான் தண்ணி கொண்டு வந்து துடைத்துவிட்டார். பின்னால் நின்றார்.

"என்ற பின்னாடிதான் நின்னா," என்றார் வீட்டம்மா. அன்றைக்கு அவர் பின்னால் நானூறு பேர் நின்றிருப்பார்கள். அந்த நானூறில் சாணி வாசம் அடித்தது ஒருத்தர் மேல்தான். அதனால் ஞாபகம் இருந்தது.

திங்கட்கிழமை வெடியால என்னைக் கூப்பிட்டார்கள். நான் மேலே எழுதினேனே, அந்த ஆறு பேரும் நின்றது அப்போதுதான்.

பந்தல் போட்ட இடம் முழுக்க ஆட்டினேன். கை கழுவுகிற டிரம்மைச் சுற்றி ஆட்டினேன். மிஷின் வாயைத் திறக்கவில்லை. இலைக்குழிக்கு வந்தேன். அங்கேயும் கத்தவில்லை. ஆனால் ரீங்காரம் அறுந்தது. ஒரு தடவை இல்லை, ஒரு அடி வைப்பதற்குள் நாலு தடவை. குழி மேல் முழுக்க அந்த ரீங்காரம் ஓட்டை விழுந்த துணி மாதிரி இருந்தது. நின்றேன். திரும்ப ஆட்டினேன். திரும்ப நின்றேன். பீடாத் தாளாக இருக்கும். நானூறு பீடா. சங்கிலியும் இருக்கலாம்.

"என்ன சொல்லுது?" என்றார் முதலாளி.

"ஒண்ணும் சொல்லலீங்க," என்றேன்.

அது உண்மைதான். மிஷின் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது எனக்குக் கேட்டது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எழுபது மோட்டார் ஞாபகம் வந்தது. வாய் வரவில்லை.

மருமகன் கையில் மிஷினோடு வந்த புத்தகம் இருந்தது. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சு பவுன்னா பெரிய டார்கெட் மாமா. இருந்தா காது கிழியக் கத்தியிருக்கும். மண்ணுல இல்ல," என்றார்.

"மண்ணுல இல்லீன்னா மனுசங்கிட்டத்தான்," என்றார் வீட்டம்மா.

கட்டுத்தரை அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "நான் எடுக்கலீங்க. எங்க வேணும்னாலும் வந்து சத்தியம் பண்றேனுங்க."

எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழி உண்டு. கோயில் முன்னால் சூடம் ஏற்றி வைப்பார்கள். எடுக்கவில்லை என்பவர் கையால் அடித்து அதை அணைக்க வேண்டும். பொய் சொன்னவன் அணைத்தால் குடும்பம் விளங்காது. எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவருக்குக் காலையிலிருந்து இதற்காகத்தான் அங்கே நின்ற மாதிரி ஆகிவிட்டது.

"சூடம் வைக்கலாமுங்க. ஆனா அம்மணி வேதக்காரங்க. மாதா கோயிலுக்குப் போறவங்க. நம்ம சாமிக்கு அவங்க கணக்குலயே வரமாட்டாங்க. பொய் சொல்லி அணைச்சாலும் சாமி ஒண்ணும் செய்யாது."

"அப்ப அவங்க கோயில்ல வெச்சு அணைக்கச் சொல்லு."

"அங்க சூடம் கெடையாதுங்க. மெழுகுவத்தி."

"மெழுகுவத்தியை அணைக்கட்டும்."

"அதை அவங்க தெனமும் அணைக்கறாங்களேங்க. பூசை முடிஞ்சா ஊதித்தான அணைப்பாங்க."

கொஞ்ச நேரம் இதைப் பேசினார்கள். எந்தச் சாமி கேட்டால் செல்லும், எந்தச் சாமிக்கு எந்த ஊர் எல்லை என்று முடிவாகவில்லை. அந்த அம்மா நின்றுகொண்டே இருந்தார். கையில் சாணி காய்ந்துவிட்டது.

கடைசியில் முதலாளி சொன்னார். "ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தரலாம்."

பூசாரி விரல் விட்டு எண்ணினார். "நாளைக்கு அஷ்டமிங்க. புதன்கெழம நவமி. புகார் குடுக்கறதுக்கு ஆகாதுங்க. குடுத்த காரியம் நிக்காது. வியாழக்கெழம தசமி, வெடியால பத்தரைக்கு மேல குடுக்கலாம்."

முதலாளி ஒத்துக்கொண்டார். மில்லுக்குப் புது மிஷின் வாங்கினாலும் நாள் பார்ப்பவர், ஒருத்தியை ஜெயிலுக்கு அனுப்புவதற்கும் நாள் பார்த்தார்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். அந்த அம்மா பின்னாலேயே வந்தார்.

"ஏனுங்க. சித்த நில்லுங்க."

நின்றேன்.

"அந்தக் குழிகிட்ட ரெண்டு வாட்டி நின்னீங்க. வேற எங்கயும் நிக்கலீங்க. உங்க காதுக்கு என்ன கேட்டுச்சு?"

மாடு எந்தக் காலில் நொண்டுகிறது என்று தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்கிற கண் அது.

"என்ற மகளுக்குக் கல்யாணம் வெச்சிருக்குதுங்க. பவானிக்காரங்க. கோயில்ல மூணு ஞாயித்துக்கெழம பேர் வாசிப்பாங்க, யாருக்காச்சும் தடை இருந்தா சொல்லலாம்னு. ரெண்டு வாட்டி வாசிச்சாச்சு. வார ஞாயிறு மூணாவது. வியாழக்கெழம என்னைய ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனா, தடையச் சொல்றதுக்கு மாப்ள ஊட்டுக்காரங்களே வந்து நிப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று திரும்பிப் போனார்.

வீட்டுக்குப் போய்ச் சம்சாரத்திடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அந்தத் திருகை ஒட்டுனது யாரு?" என்றாள். சாப்பிடாமல் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை கடை திறக்கவில்லை. தோட்டத்துக்குப் போனேன். முதலாளி வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, மிஷினுக்கு நேத்துக் காது கேக்கலீங்க," என்றேன்.

"கேக்காட்டி அது எதுக்கு?"

வாயால் சொன்னால் எடுபடாது என்று எனக்குத் தெரியும். பேரனின் தங்கச் செயினைக் கேட்டேன். கொடுத்தார்கள். வாசல் சிமெண்டுத் திண்டில் போட்டால் உள்ளே கம்பி இருக்கும் என்று மண் தரையில் போட்டேன். காதில் மாட்டுகிற வளையத்தைக் கழற்றிவிட்டேன், எல்லாருக்கும் சத்தம் கேட்கட்டும் என்று. தட்டை ஆட்டினேன். சத்தம் இல்லை.

"பேட்டரி போச்சு," என்றார் முதலாளி.

புது பேட்டரி போட்டேன். ஆட்டினேன். சத்தம் இல்லை.

"செயின் சின்னது," என்றார் மருமகன்.

வீட்டம்மா மோதிரத்தைக் கழற்றிப் போட்டார். சத்தம் இல்லை. பூஜை அறையிலிருந்து பித்தளைச் சொம்பைக் கொண்டு வரச் சொன்னேன். ஆட்டினேன். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியது.

வீட்டம்மா முதலாளியைப் பார்த்தார். "பித்தளைக்குக் கத்துது, தங்கத்துக்குக் கத்த மாட்டேங்குது. ஆறு மாசமா இதை வெச்சுத்தான் புதையல் தேடுனீங்களா?"

முதலாளி பேப்பரை மடித்தார். மருமகன் புத்தகத்தைப் பிரித்தார். அவர் கொஞ்ச நேரம் படித்துவிட்டுச் சொன்னதுதான் உண்மை. சங்கிலி என்பது மிஷினுக்கு ஒரே சாமான் இல்லையாம். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி. நூறு கண்ணி சேர்ந்தாலும் மிஷின் ஒரு கண்ணியைத்தான் கேட்கும். ஐந்து பவுன் இருந்தாலும் முணுமுணுக்கத்தான் செய்யும். இது அந்தப் புத்தகத்தில் முதல் நாளிலிருந்தே இருந்தது.

"திருகைத் திறக்கறேனுங்க. இலைக்குழிய முழுசா ஒருக்கா கேட்டுப்போடறேன்," என்றேன்.

"எதுக்கெல்லாம் கத்தும்?"

"எல்லாத்துக்குமுங்க."

"கத்துறதெல்லாம் தோண்ட என்ற ஆளு வரமாட்டான். கரும்புக்குத் தண்ணி பாய்ச்சற நேரம். நீயே தோண்டிக்க."

பிளேடை வைத்து வார்னிஷைச் சுரண்டினேன். நல்ல வார்னிஷ். அரைமணி நேரம் ஆனது. திருகை அடிக்குக் கொண்டு வந்தேன். இப்போது எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

குழி மேல் தட்டை வைத்தேன். கடுகு தாளித்த மாதிரி பொரிந்தது. ஒரு சத்தத்துக்கும் இன்னொன்றுக்கும் இடைவெளியே இல்லை. இதற்குள் ஒரு முணுமுணுப்பைக் கேட்க வேண்டும். முதல் திருகைத் தணித்தேன். தட்டைத் தூக்கிப் பிடித்தேன். ஒரு முழம் ஒரு முழமாக, குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று.

கட்டுத்தரை அம்மா பால் பீச்சிவிட்டு வந்தார். கையில் களைக்கொத்து. நான் காட்டின இடத்தில் கொத்தினார்.

பீடாத் தாள். பீடாத் தாள். லாடம். பீடாத் தாள். ஊக்கு. மாத்திரை அட்டை. கெடா வெட்டின கத்தியின் பூண். பீடாத் தாள்.

இரண்டு நாள் வெயிலில் இலை அழுகியிருந்தது. ஈ மொய்த்தது. நானும் அந்த அம்மாவும் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டோம். பூசாரி வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அஷ்டமில தோண்டறீங்க. எதும் கெடைக்காதுங்க."

"அப்ப அஷ்டமில தொலைக்கவும் முடியாதுங்களா?" என்றார் அந்த அம்மா.

"தொலைச்சது சஷ்டியில அம்மணி," என்றார் பூசாரி. மூக்கைப் பிடித்தபடியே போய்விட்டார்.

பொழுதோட, இருட்டுகிறதுக்குள், முக்கால்வாசிக் குழி முடிந்திருந்தது. சங்கிலி இல்லை. புதன்கிழமையும் கடை திறக்கவில்லை.

இரண்டாம் நாள் காதுக்குப் பழகிவிட்டது. லாடம் உடைந்த குரலில் கத்தும், நடுவில் விக்கல் வரும். பீடாத் தாள் சட்டென்று வந்து சட்டென்று போகும், ஒரு பக்கம் ஆட்டினால் கேட்கும், திரும்பும்போது கேட்காது. சோடா மூடி பொய் சொல்லும், நல்ல காசு மாதிரி எழும்பி வந்து கடைசியில் கரகரக்கும். தோண்டுவதற்கு முன்னாலேயே, "தாளுங்க," "மூடிங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த அம்மா ஒன்றையும் விடவில்லை. தாள் என்று நான் சொன்னதையும் கொத்தி எடுத்துப் பார்த்தார்.

"நீங்க தாளுன்னு சொன்னா செரிங்க. இருந்தாலும் பாத்துப்போடறேன். பாக்காம சொன்னதுலதான இங்க வந்து நிக்கிறேன்."

தட்டை அடுத்த முழத்துக்கு நகர்த்தினேன்.

மூன்று மணி வாக்கில் குழியின் மேல் விளிம்பில், டிரம் பக்கமாக, ஒரு சத்தம். சத்தம் என்று கூடச் சொல்ல முடியாது. ரீங்காரம் கொஞ்சம் தடித்தது. குறுக்கே ஆட்டினேன், இருந்தது. நெடுக்கே ஆட்டினேன், இருந்தது, ஆனால் ஒரு சாண் நகர்ந்து இருந்தது. ஒரு இடத்தில் நிற்கவில்லை. தொடங்குகிற இடமும் தெரியவில்லை, முடிகிற இடமும் தெரியவில்லை. பேரிங்குக்குள் மணல் விழுந்தால் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு மணலும் தனித்தனியாகக் கேட்காது. ஓட்டத்தில் ஒரு சொரசொரப்பு, அவ்வளவுதான்.

காதிலிருந்து வளையத்தை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டினேன். இருந்தது.

"இங்க," என்றேன்.

"தாளுங்களா?"

"தெரியலீங்க."

அவர் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு விரலால் தோண்டினார். மேலே சாம்பார் ஊறின மண். அடியில் ஒரு தலைவாழை இலை. மடித்த இலை. கறுத்துப்போயிருந்தது. மடிப்பைப் பிரித்தார். உள்ளே முருங்கைக்காய்ச் சக்கை, ஒரு எலும்பு, அதற்கடியில் சங்கிலி. கொக்கி வாய் பிளந்திருந்தது.

நான் குனிந்தேன். அந்த அம்மா என் கையைத் தடுத்தார். தன் கையையும் எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்றார்.

"நீங்களும் தொடாதீங்க. நானும் தொட மாட்டேன். அவங்களையே வந்து எடுக்கச் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். முதலாளி வந்தார், வீட்டம்மா வந்தார், மருமகன் வந்தார். பூசாரி எப்படியோ வந்துவிட்டார். குழியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். சங்கிலி இலையில் கிடந்தது. நல்ல நாற்றம்.

"எடுத்துக் குடு அம்மணி," என்றார் வீட்டம்மா.

"நான் தொடலீங்க."

"என்ன இது, எச்சில் இலைல நானா கை வெக்கிறது?"

"உங்க எச்சில்தானுங்களே. நீங்க உக்காந்த பந்தில மட்டுந்தான் தலைவாழை. மத்தவங்களுக்கெல்லாம் துண்டு போட்ட கீத்து இலைங்க."

வீட்டம்மா இலையை மடிக்கக் குனிந்தபோது கொக்கி விட்டிருக்கிறது. சங்கிலி இலைக்குள் விழுந்திருக்கிறது. அதன் மேல் அவரே இலையை மடித்துவிட்டு எழுந்து பீடா போட்டிருக்கிறார்.

வீட்டம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு விரலால் சங்கிலியைத் தூக்கினார். குழாயடிக்குப் போகவில்லை. அங்கேயே நின்று வெளிச்சத்தில் பிடித்து நீளம் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தார். நான் பார்த்தேன். அந்த அம்மாவும் பார்த்தார்.

"செரி, கெடைச்சிருச்சு. நல்ல மிஷின்," என்றார் முதலாளி. "எல்லாரும் போய் வேலையப் பாருங்க."

"எடை போடோணுங்க," என்றார் அந்த அம்மா.

"எதுக்கு?"

"நாளைக்கு ஒரு கண்ணி கொறையுதும்பீங்க. இப்பவே அம்மா நீளம் பாக்கறாங்க. என்ற முன்னாடி எடை போடோணும். போட்டு எழுதிக் குடுக்கோணும். ஃபாதர்கிட்டக் காட்டோணும். ஞாயித்துக்கெழம பேர் வாசிக்கறதுக்கு முன்னால."

முதலாளி அந்த அம்மாவைப் பார்த்தார். பூசாரி பக்கம் திரும்பினார். பூசாரி விரல் விட்டார்.

"இன்னைக்கு நவமிங்க. நாளைக்கு தசமி. எடை போடறதுக்கு நல்ல நாளுங்க."

ஆக வியாழக்கிழமை பத்தரைக்கு மேல் ஸ்டேஷனுக்குப் போக இருந்த காரில் வெள்ளகோவில் ஆசாரி கடைக்குப் போனோம். முன்னால் முதலாளியும் மருமகனும். பின்னால் வீட்டம்மா, நான், ஜன்னலோரம் அந்த அம்மா. அந்தக் காரில் அவர் ஏறினது அன்றைக்குத்தான். ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டார்.

வீட்டம்மா வாங்கின பில்லைக் கொண்டு வந்திருந்தார். ஆசாரி அதை விரித்து வைத்தார். நாற்பது கிராம் இருநூறு மில்லி. சங்கிலியைக் கண்ணாடிப் பெட்டித் தராசில் வைத்தார். பில்லை விடக் கூடுதலாகக் காட்டியது.

"கூடயே இருக்குது," என்றார் முதலாளி. சந்தோசப்பட்டார்.

"மண்ணுங்க அது," என்றார் அந்த அம்மா. "கழுவிப் போடுங்க."

ஆசாரி பூந்திக்கொட்டைத் தண்ணியில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்தார். துணியில் ஒற்றினார். ஊதி ஊதிக் காயவைத்தார். திரும்பத் தராசில் வைத்தார். ஒவ்வொரு படிக்கல்லாகச் சிமிட்டா இடுக்கியால் எடுத்து வைத்தார். கடைசிக் கல் தகட்டுத் துண்டு, மூச்சு விட்டால் பறக்கும். முள் நடுவில் நின்றது.

வீட்டம்மா பில்லைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். "இருபது மில்லி கொறையுதே."

"ஏழு வருசம் போட்டிருக்கீங்க. கழுத்துல தேஞ்சதுங்க," என்றார் ஆசாரி. "கொறஞ்சது ரொம்பக் கம்மிங்க. நெறையப் பேருக்கு இதுக்கு மேல தேயும்."

"அதையும் எழுதுங்க," என்றார் அந்த அம்மா.

ஆசாரி எழுதினார். தேதி போட்டார். முத்திரை வைத்தார். சீட்டை முதலாளியிடம் நீட்டினார். முதலாளி அதை வாங்கவில்லை. நான் வாங்கி அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவர் மிஷன் பள்ளியில் எட்டாவது வரைக்கும் போனவர். என்னை விட இரண்டு வகுப்பு மேலே. சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தார்.

நாற்பது கிராம், நூற்று எண்பது மில்லி.